விருந்தாளி வேலை

"இத்தனை அலங்காரம் பண்ணினவன், ஒரு ஈரத்துணி காயப்போட ஒரு கம்பி வச்சானா?"

எந்த ஹோட்டல் அறைக்குள் நுழைந்தாலும் பெரியம்மா முதலில் சொல்வது இதுதான். கதவைத் திறந்ததும் சொல்வாள். குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து இன்னொரு முறை சொல்வாள். சன்னல் திரையை விலக்கினால் எதிரே பல்கலைக்கழகத்தின் பழைய மணிக்கூண்டு. அதைப் பார்ப்பதற்காகவே தூரதேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். பெரியம்மா அதையும் ஒரு பார்வை பார்ப்பாள். "ம்... மணிக்கூண்டு இருக்கு. கம்பி எங்க?" மூக்கால் ஒரு காற்று விட்டு, கீழுதட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிச் சொன்னால்தான் அது பெரியம்மா. இல்லாவிட்டால் வெறும் கேள்வி.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் குளியலறை கழுவும் வேலைக்குச் சேர்ந்து, ஒரு மாடி முழுவதற்கும் மேற்பார்வையாளராகி, அங்கேயே ஓய்வு பெற்றவள். அவளுக்குக் கீழே வேலை பார்த்த பெண்கள் வைத்த பெயர் 'விரல்'. அறையைச் சுத்தம் செய்து முடித்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், கதவு நிலையின் தலையில், படச்சட்டத்தின் மேல், விளக்குக் குடையின் உச்சியில் ஆள்காட்டி விரலை ஒரு இழுப்பு இழுப்பாள். பிறகு அந்த விரலை அவர்கள் முகத்துக்கு நேராகக் காட்டுவாள். அவ்வளவுதான், பேச்சு கிடையாது. "விரல் வருது, விரல் வருது" என்று ஒருத்தி கிசுகிசுத்தால் மாடி முழுக்கத் துடைப்பத்துக்கு உயிர் வரும். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். "பேரு வச்சா வச்சுட்டுப் போங்க. தூசிய வைக்காதீங்க" என்பாள்.

பெரியப்பா சரக்கு லாரி ஓட்டினார். வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வர அனுமதி. "உங்க பெரியம்மா வீட்டுல நானே அப்பப்போ வந்து தங்கிட்டுப் போற ஆளுதான்" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. மிச்சமிருப்பது ஒரே மகள், என் அக்கா. பல்கலைக்கழக ஊரில் நூலகத்தில் வேலை. மண் ஆராய்ச்சி செய்யும் ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள். நானும் அதே ஊரில் மாணவர் விடுதியில் இருந்து படிப்பதால், பெரியம்மா வந்தால் ரயிலடிக்குப் போய் அழைத்து வருவது என் பொறுப்பு.

முதல்முறை வந்தபோது ஹோட்டல் பேச்சே இல்லை. மகள் வீடு இருக்க ஹோட்டல் எதற்கு? காலையில் அக்காவும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிப் போனார்கள். வீட்டில் பெரியம்மா மட்டும். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

பால்கனியில் வரிசையாகச் சின்னச்சின்ன எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. உள்ளே மண். பல்கலைக்கழக வளாகத்தின் பழைய கிணற்றை மூடுவதற்கு முன்னால், அதன் அடியிலிருந்து அடுக்கடுக்காக மாப்பிள்ளை எடுத்து வைத்திருந்தது. எந்த அடுக்கில் என்ன விதை, என்ன சாம்பல் என்று பார்த்து, அந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் எதை விளைவித்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார். மாலையில் அவர் திரும்பி வந்தபோது டப்பாக்கள் கண்ணாடி போல மின்னிக்கொண்டு, கவிழ்த்து வைத்தபடி காய்ந்துகொண்டிருந்தன. மண் பக்கத்துப் பூந்தொட்டிகளில் இருந்தது. செடிகளுக்குத் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது.

மாப்பிள்ளை பேசினால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு பஸ் போய்விடலாம்.

"அத்தை... அந்த டப்பாவுல... வந்து... மண்ணு..."

"அதை ஏன் கேக்குறீங்க மாப்பிள்ளை! யாரு வச்சுட்டுப் போனாங்களோ, அப்படி ஒரு அழுக்கு. கம்பி நார் போட்டுத் தேய்ச்சப்புறம்தான் போச்சு."

மாப்பிள்ளை பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கிணற்றை மூடி அதன்மேல் சைக்கிள் நிறுத்துமிடம் கட்டியாகிவிட்டது. திரும்ப எடுக்க வழியில்லை. அவருக்கும் சேர்த்து அக்காதான் சொன்னாள்.

"அம்மா, இது வீடும்மா! நாங்க காலி பண்ணிட்டுப் போகல, சாயங்காலம் திரும்பி வர்றதுக்காகப் போனோம்! இனிமே இங்க வந்தா விருந்தாளியா வா. கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. முடியலன்னா வராதே."

பெரியம்மா மறுநாளே ரயில் ஏறிவிட்டாள். அதன்பிறகு தாயும் மகளும் போனில் மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அக்கா உண்டானதும் மழை வெயிலெல்லாம் நின்றது. பெரியம்மா நேரடியாகக் கேட்டாள்: "பிரசவத்துக்கு நான் வரவா, வேண்டாமா?"

"நீ வரணும்னு எனக்கும் ஆசைதாம்மா. ஆனா..."

"ஆனா போடுறது யாரு? நீயா, மாப்பிள்ளையா?"

"நான்தான். அவர் எப்பவோ மறந்துட்டார். எனக்குத்தான் பயம். கைக்குழந்தையோட படுத்துக்கிட்டு, என் வீட்டுல என் சாமானை நானே தேடிட்டு இருக்க முடியாது. நீ ஒண்ணு பண்ணு. இங்க வந்து ஹோட்டல்ல தங்கு. உன் படுக்கையை வேற ஒருத்தர் போடட்டும். நீ பாத்துக்கிட்டு சும்மா இரு. ஒரே ஒரு நாள் அப்படி இருந்துட்டேன்னா வீட்டுக்கு வா, எத்தனை நாள் வேணாலும் இரு. முடியலன்னா நான் அவங்க அம்மாவைக் கூப்பிட்டுக்கிறேன்."

அவங்க அம்மா என்றால் சம்பந்தியம்மா. பெரியம்மாவுக்கு அது போதும். "அந்த அம்மாவா! அவங்க வீட்டு அலமாரி மேல விரலை வச்சா விரலே காணாமப் போயிடும். அவங்க கையில என் பேரப்பிள்ளையா? ஹோட்டல்தானே, இருந்து காட்டுறேன். என் வயசெல்லாம் ஹோட்டல்லதானே போச்சு!"

போனதென்னவோ ஹோட்டலில்தான். ஆனால் ஒரு நாள்கூட அவள் அங்கே தூங்கியதில்லை. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அந்த ஊரின் சின்ன ஹோட்டல்கள் எல்லாம் முன்பு வேறு ஏதாவதாக இருந்தவை. பூட்டிக் ஹோட்டல் என்று பெயர். அக்கா பதிவு செய்த முதல் ஹோட்டல் ஒரு பேராசிரியரின் வீடாக இருந்தது. அறைகளுக்கு எண் கிடையாது, பாடங்களின் பெயர்தான். வரவேற்பில் இருந்த இளைஞன் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஊஞ்சல் போல மேலே தூக்கி முடிப்பான்.

"உங்களுக்குத் தர்க்கம் குடுத்திருக்கோம் மேடேம்? மாடியில, இலக்கணத்துக்கு எதிர்ல மேடேம்?"

"எனக்குத் தர்க்கம் யாரும் குடுக்க வேண்டாம்பா. வீட்டுல இருந்தே கொண்டு வந்திருக்கேன்."

தர்க்கத்தில் கம்பி இல்லை. பெரியம்மா பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, ஒரு முனையைச் சன்னலிலும் மறுமுனையை ஒரு புத்தக அலமாரியிலும் கட்டி, துவைத்த துணியைப் போட்டாள். போட்ட மாத்திரத்தில் அலமாரியின் முகப்பு முழுசாகக் கழன்று கட்டிலில் விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் பலகையில் ஒட்டிய தோல் முதுகுகள் மட்டும். பின்னால் ஒரு தாள்கூட இல்லை.

"புத்தகமே இல்ல பாரு! முதுகு மட்டும்தான்! படிச்சவங்க ஊராம்!" என்றாள். பசை வாங்கி வரச்சொல்லி அவளே உட்கார்ந்து ஒட்டினாள். ஒட்டும்போது உயரப்படி வரிசையாக ஒட்டினாள். மறுநாள் காலை அறைப்பெண் வந்து கதவைத் தட்டியபோது படுக்கை போட்டாகிவிட்டது, சன்னல் துடைத்தாகிவிட்டது, அறைப்பெண்ணுக்குச் செய்வதற்கு 'வணக்கம்' சொல்வதைத் தவிர வேலை இல்லை.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றாள்.

அடுத்த மாதம் வேறு ஹோட்டல். முதல் ஹோட்டலுக்குத் திரும்பிப் போக எங்களுக்கு முகம் இல்லை. இது பழைய அச்சகம். முதலாளியம்மாவுக்குத் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய குரல். காலையில் பெரியம்மா சத்தியமாகத் தன் அறையில் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள். அங்கே ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை மண்வெட்டி பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். பெரியம்மா எத்தனை நேரம்தான் பொறுப்பாள்? "குடு இப்படி" என்று வாங்கி, எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தபோது முதலாளியம்மா வந்துவிட்டாள்.

"நீதான் புது ஆளா? நின்னுக்கிட்டு என்ன பேச்சு? படிக்கட்டை முடிச்சிட்டு வா!"

"சரிங்க" என்றாள் பெரியம்மா.

கடைசிப் படிவரை முடித்தாள். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, விருந்தினர் மேசையில் உட்கார்ந்து, ரொட்டியும் முட்டையும் கேட்டாள். முதலாளியம்மாவின் டப்பாவில் கல் நின்றது.

"ஏன் பெரியம்மா, நான் இங்க தங்க வந்திருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"படிக்கட்டு அழுக்கா இருந்துச்சே!"

அக்கா இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. "அம்மா, எனக்கு விளையாட்டு இல்ல. அவங்க அம்மாவுக்கு டிக்கெட் போடணும்னா இப்பவே சொல்லணும்" என்றாள். பெரியம்மா அன்றைக்குச் சாப்பிடும்போது தண்ணீர்கூடக் கேட்டுத்தான் குடித்தாள்.

கடைசியாகத் தங்கியது நட்சத்திரம் பார்க்கும் கூடமாக இருந்த ஒரு வட்டமான கட்டடம். வழக்கம்போலக் கம்பி இல்லை. "சுவரே வளைஞ்சு போயிருக்கு, கட்டிலை எங்க ஒட்டிப் போடுறது?" என்று கூடுதலாக ஒரு குறை மட்டும் சொன்னாள். "இந்தத் தடவை தொட மாட்டேன். தொட்டேன்னா என்னை ஏன்னு கேளு." அக்காவுக்கு நாள் நெருங்கிவிட்டது. இது தவறினால் சம்பந்தியம்மாதான்.

மறுநாள் மதியம் பெரியம்மா அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். ஈரத்துணியைத் தன் ஒரே பையிலேயே போட்டு எடுத்து வந்து பால்கனியில் காயப்போட்டாள். அதற்கு அக்காவிடம் அனுமதி கேட்டாள்.

"ரூமுல ஒண்ணும் தொடலையேம்மா?" என்றாள் அக்கா.

"கொஞ்சம் நீவி விட்டேன். அவ்வளவுதான்."

பெரியம்மாவின் 'கொஞ்சம்' எவ்வளவு பெரியது என்பது எனக்கு ஹோட்டலுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. வரவேற்பில் யாரும் இல்லை. கொக்கியில் அவள் மாட்டிவிட்டுப் போன சாவியையும் காணோம். "அறைப்பொண்ணு உள்ள இருப்பா" என்று மேலே போனாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினால், அவள் கட்டிலில் ஒரு பருத்த பேராசிரியர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். காலில் ஷூ.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். பெரியம்மாவும் கத்தினாள். "வெள்ளைப் போர்வை மேல ஷூவா! கழட்டுங்க முதல்ல!"

பேராசிரியர் எழுந்து, மரியாதையாக ஷூவைக் கழற்றிவிட்டு, பிறகு "நீங்க யாரு?" என்று கேட்டார்.

சத்தம் கேட்டு மேலாளர் ஓடி வந்தார். அவர் பின்னால் அறைப்பெண். மேலாளர் ஒவ்வொரு வார்த்தைக்கும் கைகளைத் துடைத்துக்கொள்பவர். "மன்னிக்கணும் மேடம், மன்னிக்கணும் சார். ரூம் காலின்னு இந்தப் பொண்ணு சொல்லிட்டா. பட்டமளிப்பு விழாவுக்கு ஊரே நிரம்பிக் கிடக்கு, உடனே குடுத்துட்டோம். ஏம்மா, கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?"

அந்தப் பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. "சார், படுக்கை போட்டிருந்துச்சு. மூலையெல்லாம் உறை மாதிரி மடிச்சுச் செருகியிருந்துச்சு. குழாய்ல ஒரு சொட்டுத் தண்ணிக்கறை இல்ல. ஒரு பை இல்ல, ஒரு துணி இல்ல. டாய்லெட் பேப்பர் நுனிகூட முக்கோணமா மடிச்சிருந்துச்சு சார்! நான்தான் காலையிலேயே முடிச்சிட்டு மறந்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அந்த முக்கோணம்தான் விஷயம். சுத்தம் முடிந்த அறை, அதன்பிறகு யாரும் உள்ளே போகவில்லை என்பதற்கு அறைப்பெண்கள் விட்டுச்செல்லும் அடையாளம் அது. தங்குகிறவர்கள் யாரும் அப்படி மடிப்பதில்லை. பெரியம்மாவின் விரல்கள் அவளைக் கேட்காமலே மடித்திருக்கின்றன. சாவியையும் காலி செய்கிறவர்கள் மாட்டும் கொக்கியிலேயே மாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

"அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் பெரியம்மா. "அவ இடத்துல நான் இருந்தாலும் காலின்னுதான் சொல்லியிருப்பேன். ரூமைக் காலி பண்ணினது நான்தான், எனக்குத்தான் தெரியல."

மேலாளர் ஊரிலுள்ள எல்லா ஹோட்டல்களுக்கும் போன் போட்டார். எங்கும் இடமில்லை. நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பட்டமளிப்புக்கு வந்த குடும்பங்கள் தெரு முழுக்க நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தன. அக்கா வீட்டு வாசலில் பெரியம்மா நின்றாள்.

"ரூமுல தண்ணி வரலன்னு சொல்லிடலாமா?"

"சொல்லலாம் பெரியம்மா. நான் காட்டிக்குடுக்க மாட்டேன்."

கொஞ்சம் யோசித்தாள். "வேணாம். தண்ணி நல்லாத்தான் வந்துச்சு."

அக்கா கதவைத் திறந்ததும் உள்ளே போகாமல் வாசலில் நின்றபடியே சொன்னாள். "ரூமை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. தப்பு என்னுதுதான். படுக்கை போட்டுட்டேன், முக்கோணம்கூட மடிச்சிருக்கேன். எனக்கு வராதுடி. கை நிக்க மாட்டேங்குது. இன்னைக்கு ராத்திரி மட்டும் ஒரு மூலையில படுத்துட்டு, காலையில ரயிலுக்குப் போயிடுறேன். நீ அந்த அம்மாவுக்கே டிக்கெட் போட்டுடு."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள். "முதல்ல உள்ள வா" என்றாள்.

வீடு வீடாகவே இல்லை. அக்காவால் குனிய முடியாது, மாப்பிள்ளைக்குக் குனியத் தோன்றாது. தொட்டியில் பாத்திரம் குவிந்து கிடந்தது, நாற்காலியில் துணி, தரையெங்கும் புத்தகக் கட்டு. பெரியம்மா சோபாவில் ஓரமாக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை அவளுக்கு டீ கொண்டு வந்தார். "அத்தை... டீ..." என்று அவர் முடிப்பதற்குள் கால் ஒரு புத்தகக் கட்டில் இடித்தது. டீ தரையில் கொட்டி, பெரியம்மாவை நோக்கி ஓடி வந்தது. அக்கா பார்க்கிறாள், மாப்பிள்ளை பார்க்கிறார், நான் பார்க்கிறேன்.

பெரியம்மா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். கண்ணைக் கூரைக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை துடைத்தார். முகம் துடைக்கும் துண்டால் துடைத்தார். பெரியம்மாவின் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

மறுநாள் அவளை ரயிலேற்ற நான் விடுதியிலிருந்து வந்தேன். பெரியம்மா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தபடி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போர்வை ஒரு பாதி சோபாவிலும் மறுபாதி தரையிலுமாகக் கிடந்தது. தலையணை ஒருபக்கம் கவிழ்ந்து கிடந்தது. அக்கா எதிரே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கினியாம்மா?"

"நல்லாத் தூங்கினேன். விடிஞ்சதும் கை அதுபாட்டுக்கு மடிச்சு வச்சிடுச்சு. அப்புறம் ஞாபகம் வந்து கலைச்சேன். கலைச்சா அதுவும் ஒரு ஒழுங்கா விழுந்துச்சு. மறுபடியும் கலைச்சேன். கலைக்கிறது எத்தனை பெரிய வேலை தெரியுமா?"

அக்கா மெதுவாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் அந்தக் கலைந்த போர்வையின் மேலேயே உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ரயிலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இங்கயே இரு. குழந்தை பொறந்தப்புறமும் இரு" என்றாள். மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்க அம்மாவை அப்புறமா வரச் சொல்லுங்க, மெதுவா வந்து குழந்தையைப் பாக்கட்டும்" என்றாள். மாப்பிள்ளை "அது... சரி..." என்று தொடங்கினார்.

நான் பையைத் திரும்ப உள்ளே வைத்தேன். அக்காவின் பார்வை சமையலறைப் பக்கம் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது.

"அம்மா... வந்து... அந்தத் தொட்டியில இருக்கிற பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் கழுவிக் குடுத்துடுறியா?"

பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, தொடைக்கு அடியிலிருந்த கைகளை வெளியே எடுத்து, மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டாள்.

"ஏண்டி, இத்தனை மாசம் ஊர்ல இருக்கிற ஹோட்டல்ல எல்லாம் என்னைப் படுக்கப்போட்டு விருந்தாளியா இருக்கப் பழக்கிட்டு, பழகினப்புறம் பாத்திரம் கழுவச் சொல்றியா? முடியாது. நான் விருந்தாளி. மாப்பிள்ளை கழுவட்டும், நான் இங்க உக்காந்து பாக்குறேன். சோப்பை மட்டும் அள்ளிப் போட வேண்டாம்னு சொல்லு, அப்புறம் எத்தனை அலசினாலும் போகாது."